கடல்கடந்த ஊதியமும் கைக்கெட்டும் தொழிலும்

தொழில் மனிதனுக்கு உணவை மட்டும் அளிப்பதன்று; ஊரில் ஓர் இடத்தையும் அளிப்பது. அதனை இழந்த நம் இளைஞர், வாழும் ஊரிலேயே மீண்டும் தொழில் பெறும் வழி யாதென ஈண்டு ஆராய்வாம்.

தொலைதேயத்து ஊதியத்தை நம்பி வாழ்தல் நம்மவர்க்குப் புதிதன்று. முன்னோர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றினர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் அங்கும் பரவவே ஆட்குறைப்பு நேர்ந்தது. வேலை இழந்தோர் கப்பலேறி மீண்டனர். அவர் மீண்டதை ஊரார் கண்ணாரக் கண்டனர்.

இன்று நிகழ்வதோ கண்ணுக்குப் புலனாகாதது. வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் அறையிலோ, கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றின் மேல்வீட்டிலோ இருந்தவாறே, இணைய வழியாக இலண்டனுக்கும் சிட்னிக்கும் பணிசெய்வோர் பலர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இவ்வழக்கத்தைப் பெருக்கியது. 2022 மார்ச்சு மாதத்தின் பின் ரூபாய் வீழ்ந்து, ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர் 360 ரூபாயை எட்டியபோது இத்தொழிலின் மதிப்பும் உயர்ந்தது. ஆயின் 2022, 2023ஆம் ஆண்டுகளில் மேலைநாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருந்தொகையினரை நீக்கின. ஒரு மின்னஞ்சலோடு உத்தியோகம் முடிந்துவிடுகின்றது. அயலார் அறியார், சிலவேளை பெற்றோரும் அறியார். கதவைச் சாத்திக்கொண்டு, முன்போலவே மடிகணினியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே உளர்.

ஆதலின் முதற்பாடம், மறைத்தல் ஆகாது என்பதே. கொழும்பில் தொழில்கள் பல விளம்பரத்துக்கு வருமுன்னரே அறிந்தவர் வாய்மொழியால் நிரம்பிவிடுகின்றன. வேலை போயிற்று என்பது குற்றமன்று. சொல்லாதவனுக்கு எவர்தாம் உதவுவர்?

இரண்டாவது, தாம் கற்ற வேலையை இவ்வூரார்க்கு விளங்கும் சொல்லிற் கூறுதல். அயல்நாட்டு நிறுவனத்திற்குக் கணக்கெழுதியவர், தம் பதவியின் நீண்ட பெயரைக் கூறுவதாற் பயனில்லை. "மாதக் கணக்கை முடித்தேன், வரவேண்டிய கடனை வசூலித்தேன்" எனக் கூறின், புறக்கோட்டை மொத்த வியாபாரியும், துறைமுகத்தை அண்டிய கப்பற் பொருட் சேவை நிலையத்தாரும் உடனே விளங்கிக்கொள்வர். சான்றிதழ் இல்லாதோர், ஏழு படிகளையுடைய தேசிய தொழிற்றகைமை முறையில், முன்பெற்ற அனுபவத்தை மதிப்பிடுவித்துச் சான்று பெறவும் வழியுண்டு.

மூன்றாவது, ஊதியத்தைச் சரிவர எண்ணுதல். டொலர் சம்பளத்தோடு ஒப்பிட்டு உள்ளூர்ச் சம்பளத்தை இகழ்வோர், அதன் மறுபாதியைக் காண்பதில்லை. மாதம் 150,000 ரூபாய் பெறும் ஊழியருக்கு, முதலாளி 12 வீதம் சேமலாப நிதிக்கும் 3 வீதம் நம்பிக்கை நிதிக்கும் மேலதிகமாகச் செலுத்தல் வேண்டும். அது மாதம் 22,500 ரூபாய். ஐந்தாண்டில் 1,350,000 ரூபாய். நிறுவனத்தில் 15 ஊழியரேனும் இருப்பின், ஐந்தாண்டு முடிவில் விலகுவோர்க்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பள வீதம் 375,000 ரூபாய் பணிக்கொடையும் உண்டு. அன்றியும், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, அத்தகைய நிறுவனம் 180 நாளேனும் பணியாற்றியவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்க விரும்பின், அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ முன்னர்ப் பெறல் வேண்டும். சுயாதீன ஒப்பந்தக்காரராக அயல்நாட்டுக்குப் பணிசெய்வோர்க்குப் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே உள்ளூரில் வேலை ஏற்குமுன், "சேமலாப நிதி உண்டா?" எனக் கேட்டு, நியமனக் கடிதத்தைப் பெற்றுக்கொள்க. கேட்பதற்கு நாணுதல் வேண்டா. அது பிச்சையன்று, உரிமை.

இறுதியாக, இம்மலரைக் கையிலேந்தும் மூத்த பழைய மாணவர்க்கும் ஒரு சொல். விழாவுக்கு நன்கொடை அளித்தல் நன்று. தம் கந்தோரில் வெற்றிடம் உண்டாகும்போது, நம் கல்லூரியில் கற்று வேலையிழந்து நிற்கும் ஓரிளைஞனை அழைத்து, அவன் திறமையை நேரிற் கண்டறிதல் அதனினும் நன்று. மூடிய அறைக் கதவை உள்ளிருப்பவன் திறத்தல் வேண்டும். வெளியே நின்று தட்டுதல் நம் கடன்.