தெருவில் நிற்கும் பிள்ளையும் வீட்டில் இருக்கும் பெற்றோரும்

அன்புள்ள மாப்பிள்ளை,

இரவில் நண்பர்களோடு தெருமுனையில் நின்றால் போலீஸ் பிடிக்குமா, பிடித்தால் அபராதம் யாருக்கு, உனக்கா அம்மாவுக்கா என்று கேட்டிருந்தாய். சிகாகோவுக்குப் போன சில மாதங்களிலேயே இதைக் கேட்கத் தோன்றியது நல்லது. இந்தக் கேள்விக்காகவே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஊர் அது.

1990-களின் தொடக்கத்தில் அங்கே ரவுடிக் கும்பல்கள் தெருமுனைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு போதைப்பொருள் விற்றன. பக்கத்தில் குடியிருந்தவர்கள் வாசலுக்கு வரவே பயந்தார்கள். அந்தப் பயத்தை லேசாக எண்ணிவிடாதே. அதைப் போக்கத்தான் 1992-ல் மாநகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. கும்பலைச் சேர்ந்தவன் என்று தகுந்த காரணத்தோடு நினைக்கிற ஒருவன், வேறு யாருடனாவது பொது இடத்தில் வெளிப்படையான நோக்கம் எதுவும் இல்லாமல் நிற்பதைப் போலீஸ்காரர் பார்த்தால், அங்கே நிற்கும் எல்லோரையும் கலைந்து போகச் சொல்ல வேண்டும். போகாதவர்களுக்கு 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மூன்று ஆண்டுகளில் 89,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் போடப்பட்டன. 42,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

கும்பலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பையன், தெரிந்தவன் ஒருவனோடு இரண்டு நிமிடம் பேச நின்றிருந்தாலும் அவனுக்கும் அதே உத்தரவுதான். 'வெளிப்படையான நோக்கம்' எது என்று முடிவு செய்தவர் அந்த நேரத்தில் அங்கே வந்த காவலர். சட்டத்தில் அதற்கு அளவுகோல் இல்லை.

1999 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மொராலஸ் வழக்கு என்று சொல்வார்கள். நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் தீர்ப்பில் ஓர் உதாரணம் காட்டினார். ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே கும்பலைச் சேர்ந்த ஒருவனும் அவன் அப்பாவும் நிற்கிறார்கள். யாரோ ஒரு ரசிகரிடம் கொள்ளையடிக்க நிற்கலாம். மைதானத்தைவிட்டு வெளியே வரும் பேஸ்பால் வீரர் சாமி சோசாவை ஒரு தரம் பார்த்துவிட ஆசைப்பட்டும் நிற்கலாம். நோக்கம் காவலர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், அந்தச் சட்டப்படி இரண்டும் ஒன்றுதான். இந்த உதாரணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நிற்பதைக்கூடக் கலைக்கச் சொல்லும் சட்டம் எந்தக் குடும்பத்தைக் காப்பாற்றும்?

நகரம் அதோடு விட்டுவிடவில்லை. 2000-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியது. ஓர் இடத்தைக் கும்பலின் கட்டுப்பாட்டில் கொண்டுவர, மற்றவர்களை மிரட்ட, சட்டவிரோத வேலையை மறைக்க நிற்பது என்று குறிப்பாகச் சொன்னது. நிற்பதைவிட்டு, எதற்காக நிற்கிறான் என்பதைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இது சரியான திருத்தமாகப் படுகிறது.

உன்னை நேராகத் தொடுவது சிறுவர்களுக்கான இரவு ஊரடங்கு. 2022 மே மாதம் மில்லேனியம் பூங்காவில் 16 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நகரம் இதை இறுக்கியது. அதுவரை வார இறுதியில் இரவு 11 மணி வரை அனுமதி. இப்போது எல்லா நாளும் 10 மணி. 16 வயதோடு நின்றிருந்த விதி 17 வயதுக்காரர்களுக்கும் வந்தது. பெற்றோரோடு போனால், வேலைக்குப் போய்த் திரும்பினால், அவசரம் என்றால், பள்ளியோ கோயிலோ பெரியவர்கள் பொறுப்பில் நடத்தும் நிகழ்ச்சிக்குப் போனால் விலக்கு உண்டு. அம்மா மருந்து வாங்கிவரச் சொன்னாலும் போகலாம். ஆனால் வழியில் எங்கும் நிற்காமல் வர வேண்டும்.

இனி அம்மா விஷயம். பிள்ளை வெளியே இருப்பதைத் தெரிந்தே விட்டாலும், 'போதிய கட்டுப்பாடு இல்லாமல்' விட்டாலும் பெற்றோரும் குற்றம் செய்தவராகிறார். முன்மாதிரியாக விளங்கிய டல்லாஸ் நகரச் சட்டத்திலும் இதே வாசகம் உண்டு. அதை 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தெரிந்தே விடுகிற பெற்றோரைப் பொறுப்பாக்குவதை நான் ஆதரிக்கிறேன். இரண்டாவது பாதிதான் என்னை உறுத்துகிறது. எவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் போதும்? மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தாய், பத்து மணிக்குப் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு போவதை எப்படித் தடுப்பாள்? 1992 சட்டத்தில் பிள்ளைகள் மேல் விழுந்தது போன்ற மங்கலான சொல், இங்கே பெற்றோர் மேல் விழுகிறது. அபராதம் ஒன்றேதான், ஆனால் வசதியுள்ள வீட்டில் அது ஒரு மாலைச் செலவு. மற்ற வீட்டில் வாடகைக்கு வைத்த பணம்.

அந்த விலைக்குப் பலனாவது உண்டா? 2016-ல் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கேம்பெல் கூட்டமைப்பு பன்னிரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய ஊரடங்கால் குற்றம் குறைவதாகத் தெரியவில்லை என்றது. டெக்சாஸ் மாநிலம் 2023-ல் சிறுவர் ஊரடங்குகளை நகரங்கள் போடவே கூடாது என்று தடுத்துவிட்டது. சிகாகோவிலோ 2025 ஜூனில், அரை மணி நேர முன்னறிவிப்போடு எந்த இடத்திலும் ஊரடங்கு போடக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் தீர்மானம் 27-க்கு 22 என்று நிறைவேறியது. மேயர் பிராண்டன் ஜான்சன் அதை ரத்து செய்தார். அவர் செய்தது சரி. அரை மணி நேரத்தில் எந்தத் தாய்க்குச் செய்தி போய்ச் சேரும், அவள் எப்படி வந்து பிள்ளையை அழைத்துப் போவாள்?

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டம் இருக்கும்வரை அதன்படி நட. காவலர் நிறுத்தினால் ஓடாதே. வயதையும் வெளியே வந்த காரணத்தையும் மரியாதையாகச் சொல். போகலாமா என்று கேட்டுவிட்டுப் போ. நகர எல்லை தாண்டிப் போகும்போது அந்த ஊர் விதி என்ன என்று முன்பே பார்த்துக்கொள். நேரமும் வயதும் ஊருக்கு ஊர் மாறும். நேரமாகும் என்று தோன்றினால் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடு. உன் பெயரால் வரும் நோட்டீஸில் அவள் பெயரும் இருக்கும் என்பதை மறக்காதே. சிகாகோ ஊரடங்குச் சட்டத்தை நீயே ஒருமுறை முழுதாகப் படித்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் விளக்கிச் சொல்.

அன்புடன்,
உன் தாய்மாமன்