உறிஞ்ச முடியாத பிள்ளைக்குப் பால் புகட்டுவது

உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தை மார்பில் நெடுநேரம் முயன்று, களைத்துத் தூங்கிவிடும். தாய்க்குப் பால் ஊறவில்லை என்ற பேச்சு உடனே வீட்டில் எழும். அது தவறு. பாலை உறிஞ்ச வாய்க்குள் காற்றழுத்தம் குறைய வேண்டும். அண்ணத்தில் திறப்பு இருந்தால் மூக்கு வழியே காற்று புகுந்து அதைக் கெடுத்துவிடுகிறது. விழுங்கும் திறனோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே பாலை நாம் வாய்க்குள் சேர்த்தால் போதும், மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். உதடு மட்டும் பிளந்த குழந்தைகளில் பலர் நேரடியாகவே குடிப்பார்கள். தாய் கட்டைவிரலால் இடைவெளியை மூடிக்கொடுத்தால் இன்னும் எளிது.

அண்ணம் பிளந்திருந்தால், பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே பாலைக் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரவும் சேர்த்து நாளுக்கு 8 முறையாவது பீய்ச்சாவிட்டால் சுரப்பு குறைந்துவிடும். புட்டிப்பால் மாவு எளிதாயிற்றே என்று கேட்கலாம். இக்குழந்தைகளுக்குக் காதில் நீர் கோப்பதும் சீழ் பிடிப்பதும் அதிகம். அதற்கு எதிரான காப்பு தாய்ப்பாலில் இருக்கிறது. பால் போதாதபோது மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், மாவுப்பால் சேர்க்கலாம். அதில் கூடுதலாகத் தண்ணீர் கலக்கவே கூடாது.

கொதிநீரில் போட்டு எடுத்த சங்கிலோ, பிதுக்கினால் பால் வரும் மென்மையான புட்டியிலோ பீய்ச்சிய பாலைக் கொடுக்கலாம். சங்கில் ஊற்றினால் புரையேறும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஆபத்து சங்கில் இல்லை. காலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சுவிட இடம் தராமல் ஊற்றுவதில்தான் இருக்கிறது. குழந்தையை நன்றாக நிமிர்த்தி, தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடியுங்கள். பிளவு இல்லாத பக்கத்துக் கடைவாயில் சங்கின் மூக்கை வைத்துச் சிறிதளவு சாய்த்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த மடக்கு. புட்டியானால், குழந்தை சப்பும்போது பிதுக்கி, நிறுத்தும்போது விட்டுவிட வேண்டும். காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் நடுநடுவே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். மூக்கு வழியே பால் வந்தால் பயந்து பட்டினி போடாதீர்கள். சற்று நிறுத்தி, தும்மி முடித்ததும் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

ஒரு வேளைப் பாலுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதைத் தாண்டினால் குடித்த சத்து முயற்சியிலேயே செலவாகிவிடும். எவ்வளவு நேரம் குடித்தது என்பதைவிட எடை ஏறுகிறதா என்பதே சரியான அளவுகோல். இரண்டு வாரத்துக்குள் பிறப்பு எடையைத் திரும்ப எட்டி, பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் முறை சரி. வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். உதட்டு அறுவைக்குச் சுமார் 10 வார வயது, நாலரைக் கிலோ எடை, 10 கிராம் ஹீமோகுளோபின் என்பது அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்க்கும் கணக்கு. எடை ஏறாவிட்டால் அறுவையும் தள்ளிப்போகும்.

குழாய் வழியே ஊட்டினால் பாதுகாப்பு என்பார்கள். பிளவு ஒன்றே குறையானால் பெரும்பாலும் அது தேவைப்படாது. ஆனால் மோவாய் மிகச் சிறுத்து உள்வாங்கியிருந்தாலோ, குடிக்கும்போது உடல் நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டில் முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.