சமயமும் மண்ணும்: தோப்பில் முகமது மீரானின் புதினங்கள் தரும் பாடம்

சமயத்தின் கொள்கைகளை அறநூல்கள் கூறும். அக்கொள்கைகள் ஒரு குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மனிதரிடத்தில் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு நலிந்தன என்பதைக் காட்ட வல்லது கதை இலக்கியமே. இவ்வுண்மையை உணர்தற்கு, பிற சமயத்தைச் சார்ந்த தமிழ்ப் புதின ஆசிரியர் ஒருவரின் படைப்புகளை ஈண்டு ஆராய்வோம்.

தோப்பில் முகமது மீரான் அவர்கள் 1944ஆம் ஆண்டு குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். 1949ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரிலும், பின்னர் 1956ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அப்பகுதி இருந்தமையால், அவர் பயின்றது மலையாளவழிக் கல்வி. பின்னர்த் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வாணிகம் செய்து வாழ்ந்தார். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), ‘துறைமுகம்’ (1991), ‘கூனன் தோப்பு’ (1993), ‘சாய்வு நாற்காலி’ முதலிய புதினங்களைப் படைத்தார். இறுதியிற் கூறியது 1997ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. 2019ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மொழியே அடையாளம்

அவருடைய மாந்தர் ஏட்டுத் தமிழ் பேசுவதில்லை. தாயை ‘உம்மா’ என்றும் தந்தையை ‘வாப்பா’ என்றும் அழைக்கின்றனர். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து நிற்கின்றன. தொழுகையின் வழிவந்த அரபுச் சொற்களும் உடன் வருகின்றன. பிறருக்குப் புரிதல் அரிதாகும் என்று அஞ்சி ஆசிரியர் அம்மொழியைத் திருத்தவில்லை. சமயம் ஒரு மொழியையும் மண் ஒரு மொழியையும் தந்தன. இரண்டும் இணைந்ததே அம்மக்களின் தமிழ். ஒன்றை நீக்கினால் மற்றொன்றும் உயிரிழக்கும்.

குற்றம் கூறுதல் பகையா?

முதற் புதினத்தில் ஊர்ச் செல்வராகிய முதலாளி, பள்ளிவாசலின் பெயரால் ஊரை அடக்கி ஆள்கிறார். ஆங்கிலக் கல்வி சமயத்திற்கு மாறானது என்று கூறிப் பள்ளிக்கூடம் எதிர்க்கப்படுகிறது. மக்களின் அறியாமையைப் பயன்படுத்திச் சமயப் பெரியவர் வேடத்தில் வாழ்வோரும் அங்கு உளர். இவற்றையெல்லாம் ஆசிரியர் மறைக்காமல் எழுதினார். ஆயினும் முதலாளியை எதிர்த்து நிற்கும் ஏழை மஹ்மூது அதே சமயத்தவனே. நம்பிக்கை ஒன்று, நம்பிக்கையின் பெயரால் நடத்தப்படும் ஆதிக்கம் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியமையே அவர் படைப்பின் சிறப்பு எனக் கருதுகிறோம். வெளியார் கூறின் பழியாகத் தோன்றுவது, உள்ளிருந்து அன்புடன் கூறப்படும்பொழுது மருந்தாகிறது.

‘சாய்வு நாற்காலி’யில் வரும் முஸ்தபாக்கண்ணு, முன்னோரின் பெருமையையே பேசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். உழைப்பு இல்லை, வீட்டின் பழம்பொருள்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு உணவாகின்றன. பழம்பெருமையை மட்டும் உண்டு வாழும் எக்குடிக்கும் நேர்வது இதுவே.

நமக்குரிய பாடம்

இப்பாடம் நமக்குத் தொலைவானதன்று. மீரான் அவர்களின் அதே குமரி மாவட்டத்தில்தான் சிதறால் என்னும் திருச்சாரணத்து மலை உள்ளது. அங்குத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் இன்றும் திகழ்கின்றன. கல்வெட்டுகள் கொடையாளிகளின் பெயர்களைச் சொல்கின்றன. ஆனால் அம்மலையடியில் வாழ்ந்த சாவகக் குடும்பங்கள் எவ்வாறு பேசின, எதற்கு வருந்தின என்பதைக் கல் சொல்லவில்லை. பின்னாளில் அவ்விடம் பகவதி கோயிலாக வழிபடப்பெற்றது. வாழ்ந்தோரின் கதை எழுதப்படாவிடில் எஞ்சுவது கல் மட்டுமே.

காப்பியங்களையும் இலக்கணங்களையும் தமிழுக்கு அளித்த மரபு நம்முடையது. அப்பெருமையில் சாய்ந்திருத்தல் போதுமா? வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலம் உழுது, கதிரவன் மறையுமுன் உண்டு, நோன்பு நோற்று வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியரின் வாழ்வும் எழுதத் தக்கதே. நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் அவ்வீட்டுச் சொற்களை மறந்துவருகின்றனர்.

ஆதலின் குடும்பத்தார் ஒருங்கமர்ந்து பின்வரும் வினாக்களைச் சிந்தித்தல் நலம்:

1. நம் இல்லத்தில் மட்டும் வழங்கும் சமயச் சொற்கள், உணவுச் சொற்கள், உறவுச் சொற்கள் யாவை?

2. நம் ஊர் ஜினாலயத்தை ஒட்டி நிகழ்ந்தவற்றுள் முதியோர் மட்டுமே அறிந்தவை எவை?

3. அறத்தின் பெயரால் நாம் செய்துவருவனவற்றுள் அறத்திற்கு ஒவ்வாதவை உளவா? அவற்றை வெறுப்பின்றி எழுதும் துணிவு நமக்கு உண்டா?

மூன்றாம் வினாவே கடினமானது. வாய்மை நம் நோன்புகளுள் ஒன்று. அதை நம்மைப் பற்றிக் கூறும்பொழுதும் கைவிடலாகாது. மிளகாய் வற்றல் வாணிகர் ஒருவர் தம் சிற்றூரின் பேச்சை இலக்கியமாக்க முடிந்ததென்றால், நம் இல்லங்களிலும் அது கூடும். முதியோர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதத் தொடங்குவோமாக.