விதி பெரிதா, முயற்சி பெரிதா?

கேள்வி: 'ரன் லோலா ரன்' பார்த்தேன். விதி பெரிதா, நம் முயற்சி பெரிதா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: டாம் டிக்வர் 1998-ல் எடுத்த ஜெர்மன் படம் அது. காதலனைக் காப்பாற்ற லோலாவுக்கு இருப்பது 20 நிமிடம். தேவை ஒரு லட்சம் மார்க் பணம். ஒரே ஓட்டம் மூன்று முறை நிகழ்கிறது. படிக்கட்டில் குறுக்கே நிற்கும் நாயால் சில நொடிகள் மாற, எல்லாமே மாறிவிடுகிறது.

நம் இயக்குநர் ஜீவாவின் '12பி' (2001) படமும் பேருந்தைப் பிடித்தவன், தவறவிட்டவன் என ஒருவனுக்கே இரண்டு வாழ்க்கை காட்டியது.

உங்கள் ஊர்ப் பக்கம் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேலைக்கு விரைபவர்களுக்கு ஒரு நிமிடத்தின் அருமை தெரியும். லாரி வரிசை நம் கையில் இல்லை. அதை விதி என்றே வைத்துக்கொள்வோம். எப்போது கிளம்புகிறோம், யாருக்காக ஓடுகிறோம் என்பது நம் கையில்தான். மூன்று முறையும் லோலா ஓடினாளே, எனக்கு அந்த ஓட்டம்தான் பெரிது.