சேலையின் நிறம் ஏன் மாறியது? கணினித் திரைக்குள் ஒளிந்திருக்கும் அறிவியல்

மாணவர்களே, சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், படிவம் நான்கு மாணவி ஒருவர் பாடம் முடிந்ததும் ஒரு கேள்வியோடு என்னிடம் வந்தார். அவருடைய அம்மா வீட்டிலிருந்தபடியே சேலை விற்கிறார். சேலையைக் கைப்பேசியில் படம் பிடித்து, கணினியில் வெளிச்சத்தைச் சரிசெய்து, இணையத்தில் போடுவார். அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று சேலைகள் திரும்பி வந்துவிட்டன. "படத்தில் பளிச்சென்று இருந்தது, கையில் கிடைத்தது கறுத்துப்போன நிறமாக இருக்கிறது" என்பதுதான் மூவரும் சொன்ன குறை. அஞ்சல் செலவும் அம்மாவின் தலையில் விழுந்தது.

"புதிய திரை வாங்கப் போகிறோம், டீச்சர். கையில் 400 ரிங்கிட்தான் இருக்கிறது. பெரிய திரையாகப் பார்த்து வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார்.

நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். கடையில் முதலில் கண்ணில் படுவதும் திரையின் அளவுதான். ஆனால் அம்மாவின் சிக்கலுக்கும் அளவுக்கும் தொடர்பே இல்லை. அது ஏன் என்று புரிய, திரைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒளியைத் தடுக்கும் கதவுகள்

இன்று விற்கப்படும் மலிவுவிலைக் கணினித் திரைகளில் பெரும்பாலானவை எல்சிடி வகை, அதாவது திரவப் படிகத் திரைகள். திரவப் படிகம் தானாக ஒளி தராது. திரையின் பின்புறம் உள்ள எல்இடி விளக்குகளே வெள்ளை ஒளியைத் தருகின்றன. திரவப் படிகத்தின் வேலை அந்த ஒளியில் எவ்வளவு வெளியே போகலாம் என்று கட்டுப்படுத்துவது. அதைச் சிறு சிறு கதவுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1888ஆம் ஆண்டில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரிட்ரிக் ரெயினிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கலான திரவமானது. 178.5 பாகையில் மீண்டும் மாறித் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று அவர் வியந்தார். இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். அது திரவம்போல் ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகம்போல் ஒரே திசை நோக்கி ஒழுங்காக நிற்கும்.

திரையில் இந்தத் திரவப் படிகம் இரண்டு முனைவாக்கித் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. முனைவாக்கி என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி. இரு தகடுகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் வைக்கப்பட்டிருப்பதால், நடுவில் எதுவும் இல்லாவிட்டால் ஒளி வெளியே வராது. திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட்டால் அது இரண்டாம் தகட்டைக் கடந்துவிடும். மின்னழுத்தத்தை மாற்றினால் மூலக்கூறுகளின் திசை மாறும், வெளியே வரும் ஒளியின் அளவும் மாறும். முன்னால் உள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் அந்த ஒளிக்கு நிறம் தருகின்றன.

கோணம் மாறினால் நிறமும் மாறும்

மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்துத் திரைகள் மூன்று முக்கிய வகைப்படும்.

டிஎன் வகையில் மூலக்கூறுகள் முறுக்கிவிட்ட ஏணிபோல் நிற்கின்றன. விலை குறைவு. ஆனால் நேராகப் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் படம் இருண்டுவிடும், மேலிருந்து பார்த்தால் வெளுத்துவிடும்.

விஏ வகையில் கறுப்பு நிறம் நல்ல ஆழமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் ஓரளவு மாறும்.

ஐபிஎஸ் வகையில் மூலக்கூறுகள் திரைக்கு இணையான தளத்திலேயே திரும்புகின்றன. அதனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது.

இப்போது மாணவியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா எங்கே உட்கார்ந்து வேலை செய்வார்?" தையல் வேலைக்கான தாழ்ந்த முக்காலியில்தான் என்றார். திரையோ உயரமான மேசையின் மேல். அது பழைய டிஎன் திரை என்பதும் பின்பு தெரிந்தது.

புதிர் அவிழ்ந்தது. கீழிருந்து பார்த்த அம்மாவுக்குப் படம் இருட்டாகத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார். வாங்குபவரின் கைப்பேசியில் அதே படம் அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. சேலையில் குறையில்லை, படம் பிடித்ததிலும் குறையில்லை. அம்மா உட்கார்ந்த இடத்தில்தான் குறை!

பெரிய திரை என்றால் தெளிவான திரையா?

24 அங்குலம், 27 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட நீளம். மலிவான திரைகளில் இரண்டிலும் பெரும்பாலும் 1920 × 1080 படப்புள்ளிகளே இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். திரை பெரிதானாலும் புள்ளிகள் கூடவில்லை. எனவே ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிறது.

பைதகோரஸ் தேற்றப்படி மூலைவிட்டத்தில் ஏறக்குறைய 2203 புள்ளிகள் உள்ளன. அதை 24ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 92, 27ஆல் வகுத்தால் 82. ஒரு புள்ளியின் அகலம் முறையே 0.28 மில்லிமீட்டர், 0.31 மில்லிமீட்டர்.

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணம் வரை இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 60 சென்டிமீட்டர் தொலைவில் அது சுமார் 0.17 மில்லிமீட்டர். இரண்டு திரைகளின் புள்ளிகளும் அதைவிடப் பெரியவை. ஆகவே அருகில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்கு 27 அங்குலத் திரையில் எழுத்துகளின் ஓரம் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும். இந்த விலையில் 24 அங்குலமே பொருத்தம்.

பெட்டியில் படிக்க வேண்டிய எண்கள்

நிறம் முக்கியமான தொழில் என்றால் 'எஸ்ஆர்ஜிபி' என்ற சொல்லைத் தேடுங்கள். இது 1996இல் முன்மொழியப்பட்ட பொது நிற அளவுகோல். இணையப் படங்கள் பெரும்பாலும் இதைப் பின்பற்றுகின்றன. 99 விழுக்காடு என்று போட்டிருந்தால் நல்லது. '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் கவனம்! அது எஸ்ஆர்ஜிபி அளவில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. குங்குமச் சிவப்பும் மயில் பச்சையும் அதில் சோர்ந்து தெரியும்.

அடுத்தது 8 பிட். ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். 256 × 256 × 256 = 1,67,77,216 நிறங்கள், அதாவது ஏறக்குறைய 16.7 மில்லியன். 6 பிட் திரையில் 64 படிகள்தான், ஆக 2,62,144 நிறங்கள். மீதியைப் புள்ளிகளை வேகமாக மாற்றிக் காட்டிச் சமாளிக்கும்.

மின்கட்டணம் எவ்வளவு?

24 அங்குல எல்இடித் திரை சுமார் 20 வாட் எடுக்கும் என்று கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள்:

0.02 கிலோவாட் × 8 × 26 = 4.16 கிலோவாட் மணி

ஓர் அலகுக்கு 40 சென் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1 ரிங்கிட் 66 சென். உங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டைப் பார்த்துச் சரியான விலையைப் போட்டுக் கணக்கிடுங்கள். இந்த மின்சாரத்தில் பெரும்பகுதி பின்விளக்குக்கே போகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் செலவு குறையும், கண்ணும் களைக்காது. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிந்தால் சரியான அளவு.

பிறகு என்ன நடந்தது?

முதலில் ஒரு சென்கூடச் செலவழிக்க வேண்டாம் என்றேன். அம்மா உயரமான நாற்காலிக்கு மாறினார். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்தது. படங்களை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுத்தார். "அடர்ந்த அரக்கு நிறம்" என்று எழுத்திலும் குறிப்பிட்டார், ஏனெனில் வாங்குபவரின் கைப்பேசித் திரை எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லையே! அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் நிறத்தைச் சொல்லி ஒரு சேலைகூடத் திரும்பவில்லை. தீபாவளி முடிந்ததும், அந்த 400 ரிங்கிட்டுக்குள்ளேயே 24 அங்குல ஐபிஎஸ் திரை ஒன்றை, பெட்டியில் உள்ள எண்களை மகளே படித்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

பணத்தை எடுப்பதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல, மாணவர்களே. வீட்டுக்கும் அது உதவும்.

செய்து பாருங்கள்

1. முனைவாக்கிக் கறுப்புக் கண்ணாடியை எல்சிடித் திரைமுன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். எந்தக் கோணத்தில் திரை இருண்டுபோகிறது? அங்கிருந்து எத்தனை பாகை திருப்பினால் மீண்டும் முழு வெளிச்சம் வருகிறது?

2. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கை உருப்பெருக்கி வழியே பாருங்கள். வெள்ளை நிறம் எங்கேயாவது தெரிகிறதா?

3. உங்கள் வீட்டுத் திரையை நேராகவும் கீழிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். அது எந்த வகை என்று ஊகித்து, காரணத்தை எழுதுங்கள்.