ஒரு நோயும் பல சிகிச்சை நிலையங்களும்

நோயாளியின் ஆயுளை நோயின் வன்மையும் மருந்தின் திறனுமே நிர்ணயிக்கும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அவை மட்டுமே காரணமல்ல என்பதைச் 'சிஸ்ரிக் பைபுரோசிஸ்' என்னும் பரம்பரை நோயின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் உண்டாகும். ஐரோப்பிய வழியினரிடையே இது மிகுதி. நுரையீரலிற் சளி தடித்துத் தேங்க, கிருமிகள் குடிகொள்கின்றன. சதையியின் நாளங்கள் அடைபடுதலால் நொதியங்கள் குடலை அடையா. உண்ட கொழுப்புச் சீரணியாது கழியக் குழந்தை மெலிகின்றது. டொரதி அண்டர்சன் அம்மையார் 1938 ஆம் ஆண்டில் இதனைத் தனிநோயென விளக்கினார்.

1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வைத்தியர் லீரோய் மத்தியூஸ் புதியதொரு முறையைத் தொடங்கினார். நோய் முற்றும்வரை காத்திராது, தொடக்கமுதலே நாள்தோறும் மார்பிலும் முதுகிலும் தட்டிச் சளியை அகற்றுவித்தார். 1964 முதல் மினசோட்டாவின் வைத்தியர் வாரன் வார்விக் பல நிலையங்களின் விபரங்களைத் திரட்டியபோது, கிளீவ்லாந்து நோயாளர் பிறவிடத்தாரினும் மிக நீண்டகாலம் வாழ்ந்தமை புலனாயிற்று.

இதனினும் வியப்பானது பொஸ்ரன், ரொறன்ரோ நகர்களிலிருந்த இரு நிலையங்களின் ஒப்பீடு. 1988 இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, நோயாளரின் இடைநிலை ஆயுள் பொஸ்ரனில் 21 ஆண்டு. ரொறன்ரோவில் 30 ஆண்டு. நுரையீரலின் ஆற்றலில் இருசாராரும் ஏறக்குறைய ஒத்திருந்தனர். வேறுபட்டது உணவே. பொஸ்ரனிற் கொழுப்பைக் குறைத்தனர். ரொறன்ரோவிலோ நொதியங்களை நிரம்பக் கொடுத்துக் கொழுப்புணவை ஊட்டினர். ஊட்டம் பெற்ற உடல் நோயைத் தாங்கிற்று.

வேறு காரணங்களும் உள. நோயை விரைந்து கண்டறிதல், நோயாளரிடையே கிருமி பரவாது தடுத்தல், வீட்டிற் புகைபிடித்தலைத் தவிர்த்தல் என்பன நலம் பயப்பன. குடும்பத்தின் வறுமை கேடு பயப்பது. 2019 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மும்மருந்துக் கூட்டு, நோயாளர் பெரும்பாலோரிடத்து நோயின் மூலத்தையே தாக்குகின்றது. ஆயினும் அதன் விலை மிகப் பெரிது.

தம் குறையை அறியாத நிலையம் திருந்துதல் அரிது. அதனாலேயே 2006 இல் அமெரிக்கச் சிஸ்ரிக் பைபுரோசிஸ் அறக்கட்டளை, நிலையங்களின் பெறுபேறுகளைப் பெயர் சுட்டிப் பகிரங்கமாக வெளியிட்டது. பின்தங்கியோர் முன்னின்றோரிடம் கற்க வழி பிறந்தது.

ஆசிரியராகிய எமக்கும் இதிற் பாடம் உண்டு. ஒரே பாடத்திட்டமும் ஒரே நூலும் கொண்ட இரு வகுப்புகளின் பெறுபேறுகள் வேறுபடுமாயின், மாணவரின் மதியைக் குறைகூறுமுன், நன்கு தேறிய வகுப்பில் நாள்தோறும் நிகழ்வது யாதெனச் சென்று கேட்டறிதலே முறையாகும்.