நாட்பட்ட நோவும் நரம்புத்தொகுதியும்

சூடான பாத்திரத்தில் கை பட்டதும் அதைச் சடுதியாக இழுத்துக்கொள்கிறோம். இத்தெறிவினையை ‘இயைபாக்கம்’ என்னும் அலகில் நீங்கள் கற்றுள்ளீர்கள். அதே அறிவைக் கொண்டு, காயம் ஆறிய பின்னும் சிலருக்கு நோவு ஏன் தொடர்கின்றது என்பதை விளங்கிக்கொள்வோம்.

1. நோவு உணரப்படும் வழி

தோலிலுள்ள நோவு வாங்கிகள் தூண்டப்பட்டதும் கணத்தாக்கங்கள் புலன் நரம்புக்கலத்தினூடாக முண்ணாணை அடைகின்றன. அங்கிருந்து அவை இரு வழிகளிற் செல்கின்றன.

(அ) இடைத்தூது நரம்புக்கலம், இயக்க நரம்புக்கலம் வழியே தசைக்கு: கை இழுக்கப்படுகின்றது.
(ஆ) முண்ணாண் வழியே மூளைக்கு: நோவு உணரப்படுகின்றது.

வாங்கியொன்றைத் தூண்டத் தேவையான இழிவுத் தூண்டல் அதன் தொடக்கப் பெறுமானம் ஆகும். மிளகாயிலுள்ள கப்சேசின் என்னும் பதார்த்தத்தால் தூண்டப்படும் வாங்கியை டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு 1997 இல் இனங்கண்டது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட வெப்பமும் அதே வாங்கியைத் தூண்டும். மிளகாய் பட்ட இடம் ‘எரிவது’ இதனாலேயே. ஜூலியஸ் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அழற்சியின்போது இவ்வாங்கியின் தொடக்கப் பெறுமானம் குறைவதால், வீங்கிய இடத்தில் இளஞ்சூடும் நோவைத் தரும்.

2. முண்ணாணில் ஏற்படும் மாற்றம்

1983 இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்னும் ஆய்வாளர், எலியின் பாதத்தில் காயம் ஏற்பட்ட பின்னர் அது காலை மடக்கும் தெறிவினையை அளந்தார். தெறிவினையின் தொடக்கப் பெறுமானம் குறைந்திருந்தது. இம்மாற்றத்தின் ஒரு பகுதி தோலில் அல்லாது முண்ணாணில் நிகழ்ந்ததென அவர் காட்டினார். இது மைய நரம்புத்தொகுதியின் மிகையுணர்திறன் எனப்படும். இந்நிலையில் மெல்லிய தொடுகையும் நோவாக உணரப்படலாம்.

3. ஒப்பீடு

குறுங்கால நோவு: காயத்தை அறிவிக்கும், காயம் ஆற நீங்கும், உடலைப் பாதுகாக்கும்.
நாட்பட்ட நோவு: மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும், காயம் ஆறிய பின்னும் தொடரலாம்.

கவனிக்க: நாட்பட்ட நோவு யாவற்றுக்கும் மிகையுணர்திறன் மட்டுமே காரணமல்ல. மூட்டழற்சி, நரம்புச் சேதம் என்பனவும் காரணமாகலாம்.

4. நோவைக் கட்டுப்படுத்தல்

• சிறிது சிறிதாக அதிகரிக்கப்படும் உடற்பயிற்சி. நெடுநாட் படுக்கை தசைகளை நலிவடையச் செய்யும்.
• வேலைகளைப் பகிர்ந்து செய்தல். நோவு குறைந்த நாளில் அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் மறுநாள் நோவு கூடலாம்.
• போதிய உறக்கம். உறக்கக் குறைவு நோவுணர்வைக் கூட்டும்.
• உளவியற் சிகிச்சை. மூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் கணத்தாக்கங்கள் நோவைக் கூட்டவோ குறைக்கவோ வல்லன. அச்சமும் கவலையும் இவ்வழியே நோவைப் பாதிக்கின்றன.
• மருந்துகள். வைத்திய ஆலோசனைப்படி மட்டுமே எடுத்தல் வேண்டும்.

நோவுடன் காய்ச்சல், உடல் மெலிவு, கைகால் பலவீனம் என்பன காணப்பட்டால் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும்.

மாதிரி வினா

விழுந்து காலில் அடிபட்ட மாணவி ஒருத்திக்கு ஆறு மாதங்களின் பின்னரும் நோவு உண்டு. எக்ஸ் கதிர்ப் படத்தில் குறையெதுவும் இல்லை. “அவள் நடிக்கிறாள்” என்கிறாள் அவளது வகுப்புத் தோழி. இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? காரணம் தருக.

விடை: இல்லை. எக்ஸ் கதிர்ப் படம் பிரதானமாக என்புகளையே காட்டும். நரம்புக்கலங்களின் உணர்திறனைக் காட்டாது. என்பில் குறையில்லாதபோதும் மைய நரம்புத்தொகுதியின் மிகையுணர்திறனால் நோவு தொடரலாம். நோவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020 இல் திருத்திய வரைவிலக்கணத்தின் குறிப்புகளும், ஒருவர் தமக்கு நோவு உண்டெனக் கூறுவதை மதித்தல் வேண்டும் என்கின்றன.